கையொப்பமிட்ட பாடகர் படங்களுக்கு எந்த உறை? வன்னிக்கு ஏற்றதும் ஏலாததும்

பெஸ்ஸி ஸ்மித், எத்தல் வோட்டர்ஸ், பில்லி ஹொலிடே, லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங் போன்ற ஆரம்பகால ஜாஸ் பாடகர்களின் கையொப்பப் படங்களைச் சேர்ப்பவர்கள், படத்தைத் தேடுவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட உறையில் காட்டுவதில்லை. படம் தபாலில் வந்து சேர்ந்ததும் கிட்டவுள்ள புத்தகக் கடையில் ஒரு பைல் உறை வாங்கிச் செருகிவிடுவார்கள். படம் பழுதாகத் தொடங்குவது அந்த இடத்தில்தான். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கடையில் கைக்கு எட்டும் உறைகளையும், வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டிய உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதிய மதிப்பீடு இது.

முதலில் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டும். 1920களிலிருந்து 1950கள் வரை ரசிகர்களுக்குக் கொடுக்கப்பட்ட படங்களில் பெரும்பாலானவை எட்டுக்குப் பத்து அங்குலக் கறுப்பு வெள்ளைப் படங்கள். கடதாசி, அதன்மேல் பரைற்றா எனப்படும் வெள்ளைப் பூச்சு, அதற்கும் மேலே ஜெலற்றீன். படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள் அந்த ஜெலற்றீனுக்குள் இருக்கிறது. கையொப்பத்தின் மை எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கிறது. ஜெலற்றீன் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. ஈரத்தைக் குடித்துப் புடைக்கும், இளகும், ஒட்டும். ஊற்றுப்பேனை மையோ தண்ணீரில் கரையும் சாயம். ஆகவே உறை இரண்டு வேலை செய்ய வேண்டும்: ஜெலற்றீனில் ஒட்டக்கூடாது, மையை உரசக்கூடாது.

வன்னியில் இந்த இரண்டும் கடினம். ஐப்பசி தொடங்கி மாரி முடியும்வரை, இரணைமடுக் குளம் வான் பாயும் நாட்களில், வீட்டுக்குள் கிடக்கும் கடதாசிகூடத் தொட்டால் தொய்யும். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேலே தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். ஜெலற்றீன் பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. பிறகு சோளகம் அடிக்கும் மாதங்களில் செம்மண் தூசு எல்லா இடுக்கிலும் புகும். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியின் மேல்தட்டு அடுப்படி போலக் கொதிக்கும். லண்டனிலோ நியூயோர்க்கிலோ உள்ள சேகரிப்பாளர் எழுதும் அறிவுரையை அப்படியே எடுத்தால் இங்கே பிழைக்கும்.

கடைகளில் முதலில் கண்ணில் படுவது பளபளவென்று, மெத்தென்று, புதுச் சப்பாத்து மணத்தோடு இருக்கும் உறை. அது பீவீசீ. வாங்கவே வேண்டாம். அதை மெதுமையாக்கச் சேர்க்கும் எண்ணெய்த்தன்மையான பொருள் வெயிலில் மெல்ல வெளியே கசிந்து படத்தின் மேலே படியும். மை இளகி உறையின் உட்பக்கத்துக்கு ஏறிவிடும். கையொப்பத்தின் நிழல் ஒன்று பிளாஸ்ரிக்கில் தலைகீழாகத் தெரிந்தால் காரியம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். பழசாகப் பழசாக அமில ஆவியும் விடும். கடைக்காரரிடம் கேட்டால் எல்லாவற்றையும் "பொலித்தீன்" என்றுதான் சொல்வார், அவரில் குற்றமில்லை. நீங்களே சோதிக்கலாம். உறையின் ஓரத்தில் நகத்தளவு துண்டு வெட்டித் தண்ணீர்க் கோப்பையில் போட்டு, விரலால் அமுக்கிக் காற்றுக் குமிழை நீக்கிவிடுங்கள். பொலிப்புரோப்பிலீனும் பொலித்தீனும் மிதக்கும். பீவீசீ தாழும். நல்ல பொலியெஸ்ரரும் தாழும் என்பதால், தாழ்ந்த துண்டுக்கு இன்னொரு சோதனை தேவை: செப்புக் கம்பியின் நுனியைச் சுவாலையில் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்ரிக்கில் தொட்டு, திரும்பச் சுவாலையில் பிடியுங்கள். பச்சைச் சுவாலை எழுந்தால் குளோரின் இருக்கிறது, அது பீவீசீ. அந்தப் புகை கூடாது; முற்றத்தில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீச நின்று செய்யுங்கள், கிட்டப் பிள்ளைகள் வேண்டாம்.

ஒட்டு அல்பம் அடுத்தது. பக்கத்தில் பசைக் கோடுகள், மேலே தூக்கி மூடும் பிளாஸ்ரிக் தாள், கலியாணப் படங்களுக்காக வீடு வீடாக வாங்கிய அதே அல்பம். பசை மஞ்சளாகி இறுகும், படத்தின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். பழைய பாடகர் படங்களின் முதுகில்தான் ஸ்ரூடியோ முத்திரை, முகவர் நிறுவனத்தின் முத்திரை, முந்திய சொந்தக்காரர் பென்சிலால் எழுதிய குறிப்பு எல்லாம் இருக்கும். முதுகு போனால் படத்தின் வரலாறும் போய்விடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். மெழுகு பூசாத, வாசனையில்லாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையே விட்டு வாள் அறுப்பது போல மெல்ல அறுத்து வாருங்கள். இடையில் பிடித்தால் நிறுத்தி மறு மூலையிலிருந்து தொடங்குங்கள். மயிருலர்த்தியால் சூடு காட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கையொப்பப் படத்துக்கு அது வேண்டாம்.

லமினேற் பண்ணுவது எல்லாவற்றிலும் மோசம். வன்னியில் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு என்று எதையும் லமினேற் பண்ணிவிடும் பழக்கம் ஏன் வந்தது என்று எவருக்கும் விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்து மழையிலும் பதுங்குகுழியிலும் காவித்திரிந்த கடதாசிக்கு அது அன்று கவசம். ஆனால் அந்த இயந்திரத்தின் உருளை 100 பாகைக்கு மேல் சூடாகிப் பசையைப் படத்தின் மேற்பரப்போடு உருக்கி ஒட்டுகிறது. திருப்பி எடுக்க வழியில்லை. மையின் நிறம் அந்த நொடியிலேயே மாறலாம். லமினேற் பண்ணிய கையொப்பப் படத்தைச் சேகரிப்பாளர் எவரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார். கையொப்பத்தின் மேற்பரப்பைப் பார்த்துச் சோதிக்கவும் முடியாது.

பொலிப்புரோப்பிலீன் உறை இங்கேயே கிடைப்பவற்றுள் நம்பக்கூடியது. கசக்கினால் சரசரக்கும், மணம் இராது, தண்ணீரில் மிதக்கும். துளையிட்ட பைல் உறையாக வருவதில் ஒரு பக்கம் சொரசொரப்பாக இருப்பதை விடுத்து, இரு பக்கமும் தெளிவாக உள்ளதை எடுங்கள். உடுப்புக் கடையில் சேர்ட் போட்டுத் தரும் மடிப்பு மூடியுள்ள பையும் இதே பிளாஸ்ரிக்காக இருக்கலாம், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது: பசைக்கோடு மூடியில் இருக்கும். படத்தை வெளியே எடுக்கும்போது மூடி பின்னால் மடங்கிப் படத்தின் முகத்தில் ஒட்டி, ஜெலற்றீனைப் பிய்த்துக்கொண்டு வரும். அந்த மூடியைக் கத்தரிக்கோலால் முழுதாக வெட்டிவிட்டுப் பாவியுங்கள். உறை படத்தைவிட நீளத்திலும் அகலத்திலும் கால் அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான உறைக்குள் தள்ளினால் மூலை மடியும், மடிந்த மூலையில் ஜெலற்றீன் வெடிக்கும்.

எங்கள் முதல் தெரிவு பொலியெஸ்ரர் உறை. மைலார் என்று பழகியவர்கள் கேட்பது இதைத்தான். மெலினெக்ஸ் 516 என்ற பெயரிலும் வரும். பூச்சில்லாத தூய பொலியெஸ்ரர் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 18916 ஒளிப்படச் சோதனையில் தேறியது என்று பொதியில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. எட்டுக்குப் பத்துப் படத்துக்கு 75 மைக்ரோன் தடிப்பு அளவானது. 50 மைக்ரோன் துவளும். பதினொன்றுக்குப் பதினாலு அங்குலப் படத்துக்கு 100 மைக்ரோன் வேண்டும். கண்ணாடி போலத் தெளிவு, மணமில்லை, ஆண்டுக்கணக்கில் மஞ்சளாகாது.

உறையின் அமைப்பும் தடிப்பளவு முக்கியம். மூன்று பக்கம் மூடிய உறைக்குள் படத்தைச் சறுக்கித்தான் நுழைக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் மையின் மேலே பிளாஸ்ரிக் உரசும். அடுத்தடுத்த இரண்டு ஓரம் மட்டும் ஒட்டி, மற்ற இரண்டும் திறந்திருக்கும் உறையைக் கேளுங்கள். கொப்பியைத் திறப்பது போல மேல்தாளைத் தூக்கி, படத்தை மூலையில் அணைத்து வைத்து, தாளை இறக்கிவிடலாம். உரசலே இல்லை. நான்கு பக்கமும் ஒட்டி அடைத்த உறை இங்கே கூடவே கூடாது, உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியே போகாது.

பொலியெஸ்ரருக்கும் ஒரு குறை உண்டு. அதில் நிலைமின் ஏறும். மைக் கையொப்பத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை மையால் எழுதி, அந்த வெள்ளை பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கியிருந்தால், அல்லது மெழுகுப் பென்சிலால் எழுதியிருந்தால், பிளாஸ்ரிக் அதைத் தூக்கி எடுத்துவிடும். அப்படியான படத்தை அமிலமில்லாத கடதாசியில் நான்கு மடல் வைத்து மடித்த உறையில் வையுங்கள். முகம் பார்க்க ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டும்தான், வேறு வழியில்லை.

படத்தின் பின்னால் தாங்கு அட்டை வைப்பவர்கள் கடையில் கிடைக்கும் பிறிஸ்ரல் போட்டை வெட்டி வைக்கிறார்கள். பெரும்பாலும் அது அமிலமுள்ளது, காலப்போக்கில் மண்ணிறமாகிப் படத்தையும் கறைப்படுத்தும். அமிலம் காட்டும் பேனை ஒன்றைச் சேர்த்து எடுப்பித்தால் அட்டையின் மூலையில் ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம்: ஊதாவாக நின்றால் சரி, மஞ்சளானால் தூக்கிப் போடுங்கள். படத்தின் மேல் அந்தப் பேனையைத் தொடக்கூடாது.

உறை எவ்வளவு நல்லதானாலும் ஈரத்தைத் தடுக்காது, அதற்குப் பெட்டி வேண்டும். முக்கோணத்துக்குள் 5 என்று (பொலிப்புரோப்பிலீனின் குறி) அச்சிட்ட, ரப்பர் வளையமும் பூட்டும் உள்ள சாப்பாட்டுப் பெட்டி போதும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைத் துணிப் பையில் கட்டி ஓரத்தில் வையுங்கள், படத்தில் தொடக்கூடாது. நிறம் மாறும் மணி எடுங்கள்; நிறம் மாறியதும் மின் போறணையில் (ஒவனில்) 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் காயவைத்து ஆறவிட்டுத் திரும்பப் பாவிக்கலாம். படங்களைப் படுக்கையாக அடுக்குங்கள். நிறுத்தினால் உறைக்குள் சரிந்து வளையும்.

பெட்டிக்குள் ஒரு ஈரப்பதன்மானி கட்டாயம். மலிவான மானிகள் பத்து வீதம்கூடப் பிழை காட்டும், ஆகவே முதலில் சரிபாருங்கள். சோடா மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பி, சேறு போல வரும்வரை சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து இறுக மூடி எட்டு மணித்தியாலம் விடுங்கள். உள்ளே ஈரப்பதன் 75 வீதத்தில் நிற்கும். மானி 81 காட்டினால் அது 6 கூடுதலாகக் காட்டுகிறது என்று பெட்டியின் மேல் எழுதிவையுங்கள். ஆனையிறவுக் கல்லுப்பு கறிக்கு எவ்வளவு நல்லதோ, இந்தச் சோதனைக்கு அவ்வளவு பொருந்தாது. அதில் மக்னீசிய உப்பும் கலந்திருக்கும், அளவு தப்பும். சுத்திகரித்த தூள் உப்பே எடுங்கள்.

படப்பெட்டிக்குள் ஈரப்பதன் 35 இலிருந்து 50 வீதம்வரை நிற்க வேண்டும். ஜெல்லை அளவுக்கு மிஞ்சிப் போட்டு 30க்குக் கீழே இறக்கினால் ஜெலற்றீன் சுருங்கிப் படம் ஓலைச்சுருள் போல வளையும். குளிரூட்டிய அறையிலிருந்து பெட்டியை வெளியே கொண்டுவந்தால் அது அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். திறந்த உடனே படத்தில் பனித்துளி படியும். பூச்சி உருண்டை வேண்டாம்: அதன் ஆவி சில பிளாஸ்ரிக்குகளை இளக்கும். வேப்பிலையும் படப்பெட்டிக்குள் வேண்டாம், காய்ந்தாலும் கறை விடும். இறுக மூடிய பெட்டியை நிலத்திலிருந்து உயர்த்தி, வெளிச்சுவரில் முட்டாமல் வைத்தால் இராமபாணமும் கறையானும் கிட்ட வராது.

உறையில் போடுமுன் படம் உண்மையா என்று பார்ப்பதும் இதோடு சேர்ந்த வேலை. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையும், 365 நானோமீற்றர் புறஊதா ரோச்சும் போதும். மலிவாக வரும் 395 ரோச்சில் ஊதா வெளிச்சமே கண்ணை மறைக்கும். படத்தை ஜன்னலுக்கு எதிரே சரித்துப் பிடித்து வில்லையால் பாருங்கள். உண்மையான மை மேற்பரப்பில் தனியாக நிற்கும். கோடு தொடங்கும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் மை தேங்கிக் கருத்திருக்கும், சாய்வான வெளிச்சத்தில் சில வேளை செப்பு மினுக்கம் தெரியும், நிப்பின் இரு நுனி அழுத்திய இரட்டைக் கோடு தெரியும். கையொப்பமும் முகமும் ஒரே மினுக்கத்தில், ஒரே தளத்தில் இருந்தால் அது படத்தோடு சேர்த்து அச்சான கையொப்பம். வெள்ளைக் கையொப்பத்தில் இது அடிக்கடி நடக்கும்: நெகட்டிவ்வின் மேலே கறுப்பால் எழுதினால் எத்தனை பிரதி எடுத்தாலும் வெள்ளையாகவே விழும்.

காலக்கணக்கு இன்னும் கடுமையான நீதிபதி. குமிழ்முனைப் பேனை அமெரிக்கக் கடைக்கு வந்தது 1945 ஒக்டோபரில், நியூயோர்க்கில். பெஸ்ஸி ஸ்மித் 1937 இலும், மா ரெய்னி 1939 இலும், ஃபட்ஸ் வொலர் 1943 இலும் இறந்துவிட்டார்கள். இவர்களுடைய படத்தில் குமிழ்முனையின் உருண்ட, எண்ணெய்ப்பிடிப்பான கோடு இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. ஷார்ப்பி மார்க்கர் 1964 இல் வந்தது. பில்லி ஹொலிடே இறந்தது 1959 இல். படக் கடதாசியில் வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிரும் சாயம் 1950களில்தான் பரவியது. புறஊதா வெளிச்சத்தில் 1934 இல் இறந்த பாடகர் ரஸ் கொலம்போவின் படம் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் கடதாசி அவருக்குப் பிந்தியது. ரோச் வேலை செய்கிறதா என்று பார்க்க, தோய்த்த வெள்ளைப் பள்ளிக்கூடச் சேர்ட்டில் அடித்துப் பாருங்கள், அது கட்டாயம் ஒளிரும். ஒளிராத கடதாசி மட்டும் கையொப்பத்தை உண்மையாக்காது என்பதையும் மறக்கக்கூடாது. பழைய படத்தில் நேற்று எழுதலாம். பெஸ்ஸி ஸ்மித்தின் கையொப்பம் மிக அரிது, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் கையொப்பம் தாராளமாகக் கிடைக்கும். அரியது மலிவாக வந்தால் வில்லையை இரண்டாம் தரமும் எடுங்கள்.

இப்படிச் சோதித்துச் சேர்த்த படத்தைச் சுவரில் மாட்ட ஆசை வருவது இயல்பு. மாட்டுங்கள், ஆனால் நகலை. ஆம்ஸ்ட்ரோங் விரும்பிப் பாவித்த பச்சை மை போன்ற சாய மைகள் வெளிச்சத்தில் வேகமாக வெளுக்கும்; புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அதைத் தாமதிக்கும், நிறுத்தாது. அசலை 600 டீபிஐயில் ஸ்கான் செய்து, நல்ல, மினுக்கமில்லாத (மற்) கடதாசியில் அச்சிட்டால் ஓரடி தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. அசலையே சட்டமிடப் போகிறீர்கள் என்றால், படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சாளர அட்டை (நடுவில் சாளரம் போல வெட்டிய அட்டை) கட்டாயம். கண்ணாடியில் நேரே முட்டிய ஜெலற்றீன் ஒரு மாரி முடிய அதில் ஒட்டிப்போகும், பிறகு உரிக்கும்போது முகம் கண்ணாடியோடு போகும்.

வாங்குவது பற்றி: பொலியெஸ்ரர் உறையைத் தனியாகத் தபாலில் எடுப்பித்தால் உறையின் விலையைத் தபால்செலவு விழுங்கிவிடும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கோ ஆடி விடுமுறைக்கோ கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் சொந்தக்காரரிடம் 25 உறைப் பொதி ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பெட்டிக்குள் உடுப்புக்கு அடியில் தட்டையாகக் கிடக்கும், பாரமுமில்லை. அதுவரை பொலிப்புரோப்பிலீனில் வைத்திருப்பதில் பயமில்லை. ஒரு மாரியைத் தாண்ட வேண்டுமென்றால் உறையைவிடப் பெட்டியையும் ஜெல்லையும் முதலில் வாங்குங்கள், அவை இரண்டையும் வாங்க வன்னியை விட்டு வெளியே போகத் தேவையில்லை.

இதே உறையும் பெட்டியும் வீட்டுப் படங்களுக்கும் பொருந்தும். எத்தனையோ குடும்பத்தில் அப்பப்பாவின் ஒரே படம் இன்னும் ஷொப்பிங் பையில் சுற்றி றங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. 25 உறையில் ஐந்தை அவற்றுக்கு ஒதுக்கினால் பாடகர்கள் கோபிக்க மாட்டார்கள்.

படத்தைக் கையாளும்போது மருந்துக்கடை நைற்றைல் கையுறை போடுங்கள். வியர்வை உப்பு வெள்ளியைக் கறுக்கவைக்கும். பருத்திக் கையுறையில் பிடி வழுக்கும், நார் உதிரும். எங்கே, யாரிடம், எந்த ஆண்டு வாங்கியது என்ற குறிப்பைப் படத்தின் முதுகில் எழுதாமல், மெத்தென்ற பென்சிலால் தாங்கு அட்டையில் எழுதுங்கள். விற்றவரின் கடிதமும் தபால் உறையும் இருந்தால் அவற்றை வேறு உறையில் போட்டு அதே பெட்டியில், படத்துக்குக் கீழே வையுங்கள்.